சலவைக்கல் விலங்குகளும் பெயர் மறைந்த கைகளும்

கல்கத்தா என்றே நம்மவர் நாவிற் பழகிவிட்ட இம்மாநகரில், ஞாயிற்றுக்கிழமை மாலையில் பிள்ளைகளை அழைத்துச் செல்லத்தக்க இடங்களுள் விக்டோரியா நினைவு மண்டபம் தலையாயது. மக்ரானாவிலிருந்து கொணர்ந்த வெண்ணிறச் சலவைக்கல்லால் 1906ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டி, 1921ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அம்மண்டபத்தின் வடக்கு வாயிலில் இரு சிங்கங்கள் உள்ளன. சென்ற ஆண்டு ஒரு மாலை, எட்டு வயது நிரம்பிய நம் இளைய மகன் அவற்றுள் ஒன்றை நெடுநேரம் நோக்கி நின்றான். பிறகு, "அப்பா, இதைச் செய்தவர் சிங்கத்தைப் பார்த்துச் செய்தாரா, இல்லை இன்னொரு கல் சிங்கத்தைப் பார்த்துச் செய்தாரா?" என்று வினவினான்.

நாம் அப்பொழுது விடை கூறவில்லை. வேர்க்கடலை வாங்கிக் கொடுத்துப் பேச்சை மாற்றினோம். ஆயினும் அவ்வினா நம்மை விட்டபாடில்லை. பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பு நின்று, ரயில்வே அலுவலகத்தில் கணக்கேடுகளோடு இருபதாண்டுகளுக்கு மேல் காலங்கழித்த நமக்குச் சிற்பக்கலையைப் பற்றி எழுதும் தகுதி யாது என்று அன்பர்கள் கேட்கலாம். தகுதி ஒன்றுமில்லை. விடுமுறை நாட்களில் அலிப்பூர் தேசிய நூலகத்திற் சென்று படித்தவற்றை, மகனுக்குச் சொன்னவாறே சங்கத்து அன்பர்களுக்கும் சொல்கின்றோம். அச் சிறுவன் கேட்ட வினாவையே ஒரு காலத்தில் ரோமாபுரி முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது என்பதை அறிந்தபோது நமக்குண்டான வியப்பே இக்கட்டுரைக்குக் காரணம்.

கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை பொங்கியபோது உயிர் நீத்தவர் பிளினி என்னும் ரோமானியப் பேரறிஞர். தம் இயற்கை வரலாற்று நூலில் அவர் ஒரு நிகழ்ச்சியைக் குறித்து வைத்துள்ளார். அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முற்பட்டவர் பாசிதெலீஸ் என்னும் சிற்பி. ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்திறங்கிய கொடுவிலங்குகள் கூண்டுகளில் அடைபட்டிருந்த துறைக்கு அவர் சென்றார். சிங்கக் கூண்டின் முன்னமர்ந்து, அதனைப் பார்த்துப் பார்த்து உருவம் சமைத்துக்கொண்டிருந்தார். அவ்வேளையில் மற்றொரு கூண்டை உடைத்துக்கொண்டு சிறுத்தை ஒன்று வெளிப்பட்டது. சிற்பியின் உயிர் தப்பியது அரிதாயிற்று. நம் மகனின் வினாவிற்குப் பண்டை உலகம் தரும் விடை இது: சிங்கத்தைப் பார்த்தே செய்தார், அதுவும் உயிரைப் பணயம் வைத்துச் செய்தார்.

கிரேக்கர்களின் சிறந்த விலங்குருவங்கள் பெரும்பாலும் வெண்கலத்தால் ஆனவை. ஏதென்ஸ் நகரில் மைரன் என்பார் வார்த்த பசுவைப் புகழ்ந்து முப்பதுக்கும் மேற்பட்ட சிறு பாடல்கள் எழுந்தன. மெய்யான கன்று அதனிடம் பால் குடிக்க வந்தது என்றெல்லாம் புலவர் பாடினர். அப்பசு இன்றில்லை. வெண்கலத்திற்கு எப்பொழுதும் ஓர் ஆபத்துண்டு. உருக்கினால் காசாகும், பாத்திரமாகும், படைக்கலமாகும். எஞ்சியவை, ரோமானியச் செல்வர்கள் தம் தோட்டங்களுக்கும் நீரூற்றுகளுக்கும் எனச் சலவைக்கல்லில் படியெடுப்பித்த உருவங்களே.

இங்கே கல்லின் இயல்பை ஒரு சிறிது கூறவேண்டும். ஒரு கன மீட்டர் சலவைக்கல்லின் எடை ஏறத்தாழ 2,700 கிலோ. சரக்குக் கணக்கு எழுதியவர்க்கு இவ்வெண்ணின் பொருள் எளிதில் விளங்கும். அக்கல் மேலிருந்து அழுத்தும் சுமையை நன்கு தாங்கும். இழுத்தாலோ வளைத்தாலோ முறிந்துவிடும். வெண்கலக் குதிரை மெல்லிய கால்களில், ஒரு காலைத் தூக்கிக்கொண்டும் நிற்கலாம். கற்குதிரை அங்ஙனம் நிற்கவியலாது. அதன் வயிற்றின் கீழ் மரத்தின் அடிப்பகுதி போன்ற ஒரு முட்டுக்கல்லைச் சிற்பி விட்டுவைக்க வேண்டும். ஆகவேதான் கல்லில் செய்த நாய் பெரும்பாலும் உட்கார்ந்திருக்கிறது, சிங்கம் படுத்திருக்கிறது. நிற்கும் விலங்காயின், பல நூறாண்டுகள் மண்ணுக்குள் கிடந்து வெளிவரும்போது முதலிற் காணாமற் போவன கால்கள்; பிறகு வால், காது, மூக்கு. மனித உருவம் தலையிழந்தாலும் ஓரளவு கம்பீரமாகவே தோன்றும். காலும் முகமும் இழந்த பன்றியோ வெறும் பாறைத்துண்டு.

18ஆம் நூற்றாண்டின் ரோமாபுரி இத்தகைய துண்டுகளால் நிறைந்திருந்தது. ஆங்கில நாட்டுச் செல்வ இளைஞர் கல்வி முடிந்ததும் இத்தாலிக்குச் சுற்றுலா வருவதும், திரும்புகையில் பழஞ்சிலை ஒன்றையேனும் வாங்கிச் செல்வதும் அந்நாளைய வழக்கம். அவர்களுக்கு விற்பதற்கென்றே நிலத்தைத் தோண்டியவர் பலர். கேவின் ஹாமில்டன் என்னும் ஸ்காத்லாந்து ஓவியர் 1774ஆம் ஆண்டில் மோந்தே கன்யோலோ என்னும் குன்றில் தோண்டியபோது, ஒன்றையொன்று கொஞ்சும் வேட்டை நாய் இணைகள் கிடைத்தன. ஓர் இணை வத்திக்கானுக்குச் சென்றது. மற்றோர் இணையைச் சார்லஸ் டவுன்லி என்னும் ஆங்கிலச் செல்வர் வாங்கினார். அது இன்று இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அக்குன்றின் பெயரிலேயே இத்தாலிய மொழியில் நாய்க்குட்டியைக் குறிக்கும் சொல் ஒலிக்கின்றது என்பது சுவையான பொருத்தம்.

உடைந்த பொருளை வாங்குவார் அந்நாளில் அரியர். நம் கோயில்களில் பின்னமுற்ற மூர்த்தத்தை வழிபாட்டிலிருந்து நீக்கி வேறு மூர்த்தத்தை நிறுவுவர். ரோமாபுரியினரோ பின்னமுற்றதையே முழுமையாக்கி மாளிகையில் வைத்தனர். இவ்வாறு முழுமையாக்கும் தொழிலில் முதன்மை பெற்றவர் பார்த்தலோமியோ கவாச்செப்பி. அவருடைய தொழிற்கூடத்தில் பலர் வேலை செய்தனர். முறிந்த பகுதியின் முகத்தை முதலில் சமமாக வெட்டுவர். களிமண்ணிலோ சுண்ணச் சாந்திலோ குறையுறுப்பின் மாதிரியைச் செய்து பொருத்திப் பார்ப்பர். பிறகு மாதிரியின் மேல் புள்ளிகள் குறித்து, அவற்றின் ஆழத்தை அளந்து, அவ்வளவுகளைப் புதுக்கல்லுக்கு மாற்றிச் செதுக்குவர். உள்ளே உலோக முளை செருகி, மெழுகும் குங்கிலியமும் கற்பொடியும் போன்றவை கலந்த பசையால் ஒட்டுவர். புதுக்கல்லின் வெண்மை பழங்கல்லின் மங்கலோடு ஒத்துவர வேண்டுமே! அதற்கும் வழிகள் இருந்தன. அக்கூடத்திற் பணிசெய்து, பின்னர் இங்கிலாந்தில் பெரும் புகழடைந்த ஜோசப் நொல்லெக்கன்ஸ் என்னும் சிற்பி, தலையும் உறுப்பும் சேர்த்துச் செப்பனிட்ட பழஞ்சிலைத் துண்டுகளுக்குப் புகையிலை நீர் பூசிப் பழமைத் தோற்றம் தந்தார் என்று அவருடைய வரலாறே பேசுகின்றது.

கவாச்செப்பியின் கூடத்தில் குவிந்து கிடந்த கற்களிடையே ஒரு நாயைக் கண்டெடுத்தவர் ஹென்றி கான்ஸ்டன்டைன் ஜென்னிங்ஸ் என்னும் ஆங்கிலேயர். 1750களின் நடுவில், 400 ஸ்கூதிக்கு அதை வாங்கி ஊருக்குக் கொண்டுசென்றார். அமர்ந்த நிலையில் ஒரு மீட்டருக்குச் சற்று மிகுந்த உயரமுள்ள அந்நாயின் வால் முறிந்திருந்தது. ஏதென்ஸ் நகரத்துத் தலைவன் அல்சிபியாதீஸ் தன் அழகிய நாயின் வாலை வெட்டினான் என்று ஒரு பழங்கதையுண்டு. ஆதலால் அல்சிபியாதீஸின் நாய் என்றே இதற்குப் பெயர் நிலைத்தது. முறிவே பெருமைக்குக் காரணமாயிற்று! ஜென்னிங்ஸ் சூதாட்டக் கடனால் 1778இல் இதனை ஏலத்தில் விற்க நேர்ந்தது. அப்பொழுது 1,000 பவுன் விலைபோயிற்று. 2001ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் இதே நாயை ஆறரை லட்சம் பவுனுக்கு மேற்கொடுத்து வாங்கியது. கி.மு. காலத்து வெண்கல உருவம் ஒன்றின் படியாக, ரோமானியர் காலத்தில் செதுக்கப்பெற்றது இது என்று அறிஞர் கருதுகின்றனர். ஆகவே இதுவும் நகலே. மூலம் அழிந்துபோயிற்று.

கவாச்செப்பிக்கு உற்ற நண்பராக விளங்கியவர் விங்கெல்மன் என்னும் செருமானிய அறிஞர். கிரேக்கரைப் பின்பற்றுவதே நாம் பெருமையடைதற்குரிய வழி என்று 1755இல் அவர் எழுதிய சிறு நூல் ஐரோப்பா முழுவதும் பரவியது. 1768இல் இருவரும் ஒன்றாகச் செருமனிக்குப் புறப்பட்டனர். வழியில் மனஞ்சோர்ந்து விங்கெல்மன் மட்டும் திரும்பினார். திரியெஸ்தே நகர விடுதியில் கொலையுண்டார். அதே ஆண்டில் கவாச்செப்பி தம் பணிகளைப் படங்களுடன் தொகுத்து நூலாக வெளியிடத் தொடங்கினார். செப்பனிடுவோன் தன் சொந்தத் திறமையைக் காட்ட முற்படலாகாது, பழஞ்சிற்பியின் போக்கிற்கே தன்னை ஒப்புவிக்க வேண்டும் என்பது அந்நூலிற் கண்ட கொள்கை. சொல்லுக்கு இது எளிது. கைத்தொழிலாளி ஒருவனுக்கு இதனினும் கடுமையான கட்டளை வேறொன்று உண்டோ என்று நாம் ஐயுறுகின்றோம்.

அக்கட்டளையை நிறைவேற்றி, அதனாலேயே தம் பெயரை இழந்தவர் ஒருவரைப் பற்றித்தான் நாம் சிறப்பாகக் கூற விரும்புவது. பிரான்செஸ்கோ அந்தோனியோ பிரான்சோனி 1734ஆம் ஆண்டு கர்ராரா நகரிற் பிறந்தவர். ரோமானியர் நாள்தொட்டுச் சலவைக்கல் வெட்டியெடுக்கும் மலையடிவாரத்து ஊர் அது. அங்குப் பிறக்கும் குழந்தைக்கு உளியோசையே தாலாட்டு எனலாம். 1760களில் அவர் ரோமாபுரிக்குக் குடிபெயர்ந்தார். 1775இல் போப்பாண்டவராகப் பதவியேற்ற ஆறாம் பயஸ், முன்னவர் தொடங்கிய வத்திக்கான் அருங்காட்சியகத்தைப் பெரிதாக விரிவாக்கினார். அதில் விலங்குகளுக்கென்றே ஒரு தனிக்கூடம் அமைந்தது. பிரான்சோனியின் வாழ்நாள் உழைப்பில் பெரும்பங்கு அங்கேதான் உறைந்து கிடக்கின்றது.

நாம் ரோமாபுரிக்குச் சென்றவரல்லோம், நிழற்படங்களிற் கண்டதே. இரு பகுதிகளாக அமைந்த அக்கூடத்தில் நூற்றைம்பது அளவிலான உருவங்கள் திரண்டிருக்கின்றன. தரையில் பண்டைய ரோமானியரின் வண்ணக்கல் ஓவியங்கள் பதிக்கப்பெற்றுள்ளன. குட்டிகளோடு ஒரு தாய்ப்பன்றி படுத்திருக்கின்றது. மான் ஒன்றை நாய் பற்றுகின்றது. ஒட்டகத்தின் தலை ஒன்று தனியே நிற்கின்றது. வெள்ளாடு ஒன்றின் தாடியைச் சிறு குழந்தையின் கை ஒன்று பிடித்திருக்கின்றது. குழந்தையின் மற்ற உடல் இல்லை! கல்லின் நிறத்தையே விலங்கின் நிறமாகப் பயன்படுத்திய திறம் பல இடங்களிற் காணலாம். பசுநிறக் கல்லில் ஒரு நண்டு இருக்கின்றது. சிறுத்தையின் உடலில் வேறுநிறக் கல்லைத் துண்டுதுண்டாகப் பதித்துப் புள்ளிகள் அமைத்திருக்கின்றனர். ஹாமில்டன் தோண்டியெடுத்த நாய்களும் இங்கேயே உள்ளன. காட்டில் ஒன்றையொன்று கொல்லும் இனங்களெல்லாம் ஒரே கூரையின்கீழ் அமைதியாக நிற்பதைப் படத்திற் கண்டு நம் வீட்டார் கூறியது: "நெரிசல் நேரத்து ஹௌரா நிலையம் போல் இருக்கிறது."

இவற்றுள் எது பழையது, எது பிரான்சோனி செய்தது? ஒன்றில் உடல் பழையது, கால்கள் புதியன. மற்றொன்றில் ஒரு தலை மட்டும் பழையது. சில, முழுவதும் அவரே செய்து, பழையவற்றுக்குத் துணையாக நிறுத்தியவை. வந்து பார்த்தவர்கள் எல்லாவற்றையும் பண்டைக் கலையென்றே போற்றிச் சென்றனர். வால்தர் ஆமெலுங் என்னும் செருமானிய அறிஞர், 1908இல் வெளிவந்த தம் பட்டியலில், உருவம் உருவமாக, உறுப்பு உறுப்பாக ஆராய்ந்து, எவையெவை பிற்காலச் சேர்க்கை என்று குறித்தார். பிரான்சோனி மறைந்து அப்பொழுது தொண்ணூறாண்டுகள் ஆகியிருந்தன. அவர் கைத்திறனுக்குக் கிடைத்த விரிவான பாராட்டு, இது பழையதன்று என்னும் குறிப்புக்களாக வந்தது எத்துணை விந்தை!

அவருடைய பணிகளுள் மிகப் புகழ்பெற்றது அதே அருங்காட்சியகத்தின் மற்றொரு கூடத்தில் உள்ள இரட்டைக் குதிரைத் தேர். அதன் வரலாறு கேட்கத்தக்கது. ரோமாபுரியில் புனித மாற்கு ஆலயத்தில் ஆயரின் இருக்கையாக நெடுங்காலம் பயன்பட்டு வந்த சலவைக்கல் ஆசனம் ஒன்று, உண்மையில் பண்டைய தேர் ஒன்றின் தட்டு. அதனோடு ஒரு பழங்குதிரையின் பகுதியும் கிடைத்தது. தேர்த்தட்டு உண்டு, குதிரையில் ஒரு பாதி உண்டு, மற்றவை எங்கே? 1788இல் பிரான்சோனி சக்கரங்களைச் செய்தார். உடைந்த குதிரையை நிறைவு செய்தார். இரண்டாவது குதிரையை முழுவதும் புதிதாகச் செதுக்கி அதன் அருகில் பூட்டினார். இரண்டும் ஒரே மூச்சில் பாய்கின்றன. படத்தை நாம் பலமுறை உற்றுநோக்கினோம். எது இணையற்ற பழமை, எது கர்ராராக்காரரின் கை என்று நமக்குப் புலப்படவில்லை.

அப்படத்தை நோக்கியபொழுது நம் அலுவலகத்துப் பழைய ஏடு ஒன்று நினைவிற்கு வந்தது. பணியிற் சேர்ந்த புதிதில், செல்லரித்த பதிவேடு ஒன்றை நம்மிடம் தந்து, அதிலிருந்து சில கணக்குகளைப் படியெடுக்கச் சொன்னார்கள். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தோம். ஒரே கையெழுத்து, சாய்வும் சுழியும் மாறாத அழகிய கையெழுத்து. ஏறக்குறைய நாற்பது பக்கங்கள் கடந்த பின்னரே, இடையில் சில தாள்கள் வேறு தாளாக இருப்பதைக் கண்டோம். செல் தின்ற பக்கங்களை, முன்னொரு காலத்து எழுத்தர் ஒருவர் மூலத்தின் கையெழுத்தைப் போலவே எழுதி இடையிற் சேர்த்துத் தைத்திருக்கின்றார். கணக்கில் ஒரு பைசா பிசகில்லை. ஏட்டின் முகப்பில் முதலில் எழுதியவர் பெயர் உண்டு. இறுதியில் மேலதிகாரியின் ஒப்பம் உண்டு. அவ்விடைப்பட்டவர் யார் என்று கேட்டோம். ஒருவருக்கும் தெரியவில்லை. 'உண்மை நகல்' என்னும் முத்திரையை நாள்தோறும் குத்திக்கொண்டிருக்கும் நமக்குப் பிரான்சோனியின் பால் தனியன்பு ஏற்பட்டதில் வியப்பில்லை.

பெயரை மறைத்ததில் ஏமாற்றும் இருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. பழையது என்றால் பத்து மடங்கு விலை. புதியது என்றால் எவரும் ஏறெடுத்தும் பாரார். ஆதலால் விற்போர் வாய்திறக்கவில்லை. ஆயினும் அப்பொய்யின் ஆதாயம் தரகருக்கே மிகுதியும் போயிற்று. உளி பிடித்தவனைக் குற்றஞ்சாட்டுமுன் அதனையும் எண்ண வேண்டும்.

காலப்போக்கில் மக்கள் சுவை மாறியது. மாற்றத்தைத் தொடங்கியவர்களுள் தலைசிறந்தவர் அந்தோனியோ கனோவா. 1757இற் பிறந்த இவர் அக்கால ஐரோப்பாவின் முதற் சிற்பி. ஏதென்ஸ் பார்த்தினான் கோயிலின் சிற்பங்களை இலண்டனுக்குக் கொண்டுசென்ற எல்ஜின் பிரபு, அவற்றின் குறைகளை நிறைவு செய்து தருமாறு கனோவாவை வேண்டினார். கனோவா மறுத்துவிட்டார். அவற்றின் மேல் தம் உளி படுவது பழிச்செயல் என்று அவர் கருதினார். ஆகவேதான் நிலாத் தெய்வத்தின் தேரிழுத்த குதிரையின் தலை, நாசி விரிந்து வாய் தளர்ந்து, கழுத்தோடு நின்றவாறே பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றது. அதற்கு உடல் செய்து கொடுக்க எவரும் முன்வரவில்லை. கனோவா செய்தது சரியே. ஆனால் அவர் பெற்ற புகழில் அவர் மறுக்கவும் முடிந்தது என்பதையும் சேர்த்தெண்ணுக. கூலிக்கு உளி பிடித்தவர்க்கு அவ்வுரிமை ஏது?

அதன்பின் ஒட்டியவற்றை அகற்றும் காலமும் வந்தது. தோர்வால்ட்சன் என்னும் தேனியச் சிற்பி நிறைவு செய்த ஏஜினாச் சிற்பங்களிலிருந்து, அவர் சேர்த்த உறுப்புக்களையெல்லாம் மியூனிக் நகர அருங்காட்சியகத்தார் 1960களில் நீக்கினர். அகற்றிய பின்னர், அவையும் வரலாறன்றோ என்று வருந்தியோரும் உண்டு. வத்திக்கானின் விலங்குகளுக்கு அந்நிலை நேராதது நற்பேறு. பிரான்சோனியின் கால்களை அகற்றிவிட்டால் அக்கூடத்தில் நிற்பதற்கு எத்தனை உயிர்கள் எஞ்சும்?

இனி நம் மகனின் வினாவிற்கு மீள்வோம். பாசிதெலீஸ் சிங்கத்தைப் பார்த்தார். பிரான்சோனி கல்லைப் பார்த்தார். கனோவா எதனைப் பார்த்தார்? போப்பாண்டவர் 13ஆம் கிளெமென்டின் கல்லறை மண்டபத்தை அமைக்கும் பணி அவருக்கு 1783இற் கிடைத்தது. 1792இல் அது புனித பேதுரு பேராலயத்தில் திறக்கப்பெற்றது. கல்லறை வாயிலின் இருபுறமும் இரு சிங்கங்களை அவர் படுக்க வைத்தார். ஒன்று துயில்கின்றது, மற்றொன்று விழித்திருக்கின்றது. அந்நாளில் சிங்கம் என்றால் ரோமாபுரிச் சிற்பிகளுக்கு நினைவில் வருவது மெதிச்சிக் குடும்பத்தாரின் மாளிகையில் முன்னம் நின்ற இணையே: ஒரு பாதத்தின் கீழ் உருண்டை, சீற்றத்தால் திறந்த வாய். அவ்விணையிலும் ஒன்றுதான் பண்டையது. அதற்குத் துணையாக மற்றொன்றை 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் செதுக்கியவர் பிளமீனியோ வாக்கா. உலகெங்கும் அரண்மனை வாயில்களில் உருண்டை மேல் கால்வைத்து நிற்கும் சிங்கங்களுக்கெல்லாம் அவையே முன்னோர். கனோவா உருண்டையையும் சீற்றத்தையும் விட்டொழித்தார். துயரத்தால் கனத்த பெருவிலங்கின் சதையை, தளர்ந்த பிடரியை, முன்கால் மேல் சாய்ந்த தலையைக் காட்டினார். பண்டைக் கலையின் அமைதி அதில் உண்டு. பண்டைச் சிற்பம் எதன் நகலும் அன்று. பார்த்தவர்கள் போப்பாண்டவரின் உருவத்தை விட்டுச் சிங்கங்களின் முன் கூடினர் என்பதை அவற்றிற்கு எழுந்த நகல்களே காட்டும். இங்கிலாந்தின் சாட்ஸ்வொர்த் மாளிகையில், ஆறாவது டெவன்ஷயர் கோமகனுக்காகச் செய்யப்பெற்ற சலவைக்கல் நகல்கள் இன்றும் உள்ளன. ஒன்றைச் செதுக்கியவர் ரினால்தி. மற்றொன்றைச் செதுக்கியவர் பெனாலியா. நகல் செய்தோரின் பெயர் இங்கே பதிவாகியிருப்பதைக் காணும்போது நமக்கு மகிழ்ச்சியே.

கடல்கடந்த ஒரு நிகழ்ச்சியையும் இவ்விடத்தில் கூறலாம். அமெரிக்கப் பாராளுமன்றக் கட்டடத்திற்குச் சிற்பம் செய்ய 1806இல் கர்ராராவிலிருந்து ஜுசெப்பே பிரான்சோனி என்பார் வரவழைக்கப்பெற்றார். மண்டபத்தின் உச்சியில் வைக்க ஒரு பெருங்கழுகு வேண்டும். இத்தாலியக் கைகளில் உருவாவது ரோமானியக் கழுகாகவே இருக்கும் என்று கட்டடக் கலைஞர் லாட்ரோப் அஞ்சினார்; அமெரிக்காவின் வெண்தலைக் கழுகுதான் வேண்டும் என்று, தலையும் நகமும் எப்படியிருக்கும் எனக் காட்டும் படத்தை அனுப்புமாறு பிலடெல்பியாவில் அருங்காட்சியகம் நடத்திய பீல் என்பவருக்கு எழுதினார். கல் சலவைக்கல்லன்று, உள்ளூர் மணற்கல்; ஆயினும் வினா அதே வினா. 1814ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஆங்கிலப் படையினர் அக்கட்டடத்திற்குத் தீ வைத்தபோது அக்கழுகும் அழிந்தது.

இறுதியாக ஓர் அம்மையாரைப் பற்றிக் கூறி நிறுத்துகின்றோம். ஆன் சீமோர் டாமர் என்பார் 1748இல் இங்கிலாந்தின் உயர்குடியிற் பிறந்தவர். கடனில் மூழ்கிய கணவர் 1776இல் தற்கொலை செய்துகொள்ள, இளம் வயதில் கைம்பெண்ணானார். அதன்பின் உளியைக் கையிலேந்தினார். உயர்குடிப் பெண் கல்லுடைப்பதா என்று நகைத்தோர் பலர். 1782ஆம் ஆண்டையொட்டி அவர் செதுக்கிய சடைநாய் ஒன்று இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. மடியில் வைத்துக் கொஞ்சும் சிறிய நாய். அதன் நீண்ட மயிர்ச் சுருள்கள் ஒவ்வொன்றும் வெண்கல்லில் ஓடுகின்றன. குட்வுட் மாளிகையில் அவர் செய்த, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துறங்கும் இரு நாய்கள் உள்ளன. இவற்றைக் கண்டோர், கூலிச் சிற்பிகளே மறைவில் செதுக்கிக் கொடுத்தனர் என்று புறம் பேசினர். பிரான்சோனியின் உழைப்பைப் பண்டைக் கிரேக்கருக்கும் ரோமானியருக்கும் சேர்த்த உலகம், இவ்வம்மையாரின் உழைப்பைப் பெயர் தெரியாத ஆடவருக்குச் சேர்த்தது!

அம்மையார் வாளா இருந்தாரில்லை. தம் சிற்பங்களில் தம் பெயரைக் கிரேக்க எழுத்துக்களிலேயே பொறித்தார். இலண்டன் நகரத்தாளாகிய ஆன் டாமர் செய்தாள் என்னும் கருத்துப்பட, பண்டைச் சிற்பிகள் பொறித்த முறையிலேயே எழுதினார். நம்மவர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்றும் உண்டு. கடற்படைத் தலைவர் நெல்சனின் மார்பளவு உருவம் ஒன்றை அவ்வம்மையார் தஞ்சை மன்னருக்கு அனுப்பினார். சரபோஜி மன்னர் ஆண்ட காலம் அது. அதே காலத்தவரும் ரோமாபுரியிற் பயின்றவருமான ஃபிளாக்ஸ்மன் செதுக்கிய சரபோஜியின் சலவைக்கல் உருவம் தஞ்சை அரண்மனையில் இன்றும் உள்ளது. அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது மகனை அங்கு அழைத்துச் செல்வதாக வாக்களித்திருக்கின்றோம். அங்கே சிங்கம் உண்டா என்பதே அவன் கேட்ட முதற் கேள்வி.

டாமர் அம்மையார் 1828ஆம் ஆண்டில் மறைந்தார். கென்ட் மாவட்டத்துச் சன்ட்ரிட்ஜ் என்னும் சிற்றூர் ஆலயத்தில் அவரை அடக்கம் செய்தனர். அவர் விருப்பப்படியே, அவருடைய உளிகளையும், வேலை செய்யும்போது அணிந்த மேலாடையையும், தாம் வளர்த்த நாய் ஒன்றின் சாம்பலையும் அவருடன் பெட்டிக்குள் வைத்தார்கள்.